ஏழாம் நம்பர் யானை

நல்லேப்பிள்ளி
2 பிப்ரவரி 2026

மணி,

நீ என் நம்பரை பிளாக் செய்து நாலு வருஷம் மூன்று மாதம் ஆகப்போகிறது. மெயில் அனுப்பினால் திரும்பி வருகிறது. அதனால்தான் இந்தப் பதிவுத் தபால். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

செம்பருந்து பிக்சர்ஸ் நம் ஸ்டுடியோவை மூடுகிறது. மூடுகிறது என்பதே பெரிய வார்த்தை. நான், ஒரு சர்வர், மயிலாத்தாள் அக்காவின் அரிசி மில் குடோன், இவ்வளவுதான் இங்கே பாக்கி. மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடுவார்களாம். கம்பெனிக்கு இருபத்தைந்தாம் ஆண்டு மலர் வருகிறது. "நம்ம கேம் யூனிட்டோட சரித்திரத்தை நாலு பக்கத்துல எழுதிக் குடுங்க" என்று ஜோஸ் சார் கேட்டிருக்கிறார். தன் சினிமாக் கம்பெனிக்குள் ஒரு வீடியோ கேம் ஸ்டுடியோ எதற்காக இருந்தது என்று அவருக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. சரித்திரம் மட்டும் வேண்டுமாம்.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம். நம் 'ஏழாம் நம்பர்' கேம் பாதியில் நிற்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்டேன். "உண்டாக்கின ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா அவங்களே எடுத்துக்கட்டும், இல்லேன்னா சர்வரோட சேர்த்து அழிச்சிரலாம்" என்றார்கள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. உன்னுடையது வேண்டும். பத்து மாதம் உட்கார்ந்தால் நாம் அதை முடித்துவிடலாம், மணி. ஒற்றைக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

உன் கோபம் எதனால் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதத் தைரியம் வரவில்லை. குருவம்மாள் அம்மாவுக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது, அதை மட்டுமாவது எழுது.

ஷஹ்லா


சின்னக்கானல்
11.2.2026

ஷஹ்லா மேடத்துக்கு,

தபால் ஜீப் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் வந்தது. பதிவுத் தபால் என்றதும் கோர்ட்டுச் சமன்ஸ் என்று நினைத்து மிக்கேல்ராஜ் அண்ணன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னார். நான் இப்போது ஜீப் ஓட்டுகிறேன். டூரிஸ்டுகளை மேலே கொண்டுபோய் மேகத்தைக் காட்டிவிட்டு இறக்கிக் கொண்டுவருவது வேலை.

அம்மாவின் காலைக் கேட்டிருந்தீர்கள். இடுப்பில் பிளேட் இருக்கிறது. ஏற்றத்தில் நடப்பாள். இறக்கத்தில் என் தோளைப் பிடிக்க வேண்டும். கொழுந்து எடுக்கப் போவதில்லை.

உங்களுக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். கேமைச் சோதித்துப் பார்க்க எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீடுகளில் ஐந்து பேருக்குப் போன் கொடுத்தோம். ஒன்று அம்மாவிடம் இருந்தது. கேம் மூடியிருந்தாலும் அதில் காலை தொடங்கும்போது தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு ஊத வேண்டும் என்று சொன்னது நீங்கள். "நிஜச் சங்குதான் வேணும் மணி, டூப்ளிகேட் வேண்டாம்" என்றீர்கள். 2021 நவம்பர் 16, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்னால், ஐந்தேகாலுக்கு அந்தப் போன் சங்கு ஊதியது. மஸ்டரில் பெயர் கொடுக்க நேரமாகிவிட்டது என்று அம்மா தூக்கக் கலக்கத்தில் எழுந்து கருக்கலில் இறங்கிப் போனாள். வளைவில் யானை நின்றது. பயந்து வாய்க்காலில் குதித்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஆட்கள் பார்த்தார்கள்.

அந்த கேம் எனக்கு வேண்டாம். தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அழியட்டும்.

இப்படிக்கு
வே. சுடலைமணி


நல்லேப்பிள்ளி
17 பிப்ரவரி 2026

மணி,

மேடம் என்று எழுதியதற்கு ரொம்ப சந்தோஷம். ஐந்து வருஷம் என் டிபன்பாக்ஸில் இருந்து பத்திரி பிய்த்துத் தின்றபோது அக்காவாக இருந்தேன்.

சரி, அழியட்டும். அந்தத் தாளைப் பற்றி இனி பேசமாட்டேன். மலருக்கான சரித்திரத்தை மட்டும் பார்த்துக் கொடு. தப்பான சரித்திரம் அச்சில் வந்தால் நம் இரண்டு பேர் பெயரும்தான் கெடும். நான் எழுதியிருப்பது இவ்வளவு:

"2017-இல் பஸ் டிரைவர் ஒருவரைப் பற்றி செம்பருந்து பிக்சர்ஸ் படம் எடுத்தது. அதற்கு விளம்பரமாக ஒரு கேம் செய்யலாம் என்று தோன்றி, நல்லேப்பிள்ளியில் ஒரு அரிசி மில் குடோனில் ஒன்பது பேரை உட்கார வைத்தார்கள். சினிமாக்காரர்கள் என்பதால் சினிமா மாதிரியே நடத்தினார்கள். முதல் நாள் பூஜை. வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுபோல கம்ப்யூட்டருக்கு அடியில் வைத்து நசுக்கியதில் சாறு யுபிஎஸ்ஸுக்குள் இறங்கி, இரண்டு நாள் கரண்ட் இல்லை. மாலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து, ஷூட்டிங் முடிந்ததுபோல 'பேக்கப்' என்று கத்துவார். கேமின் ஒவ்வொரு பதிப்புக்கும் 'ரீல்' என்று பெயர். வேறு எப்படிச் சொன்னாலும் முதலாளிக்குப் புரியாது. சினிமாவில் வேலையில்லாமல் இருந்த கன்டினியூட்டி உதவியாளர் பிலோமியையும் இங்கே அனுப்பினார்கள். நடிகை முந்தின காட்சியில் எந்தக் கையில் வளையல் போட்டிருந்தாள் என்று எழுதி வைப்பது அவள் தொழில். இங்கே வந்தும் அதையே செய்தாள்.

முதல் கேமைப் பார்த்துவிட்டு ஜோஸ் சார் கேட்ட ஒரே கேள்வி, 'எல்லாம் சரி, இன்டர்வெல் எங்கே?' அன்றிலிருந்து நம் எல்லாக் கேமிலும் நடுவில் இடைவேளை உண்டு. பத்து நிமிஷம் கேம் நின்றுவிடும்.

இரண்டாவது, பேய்ப்படத்துக்கான கேம். படம் தியேட்டரில் நாலு நாள் ஓடியது. கேம் மூன்று வருஷம் ஓடியது. மூன்றாவது, தேயிலை எஸ்டேட் படத்துக்காகத் தொடங்கிய 'ஏழாம் நம்பர்'. கதாநாயகனின் முகத்தை வரைய போட்டோ கேட்டு ஆபீசுக்குப் போன் செய்தபோது, 'எந்தப் படம்?' என்று கேட்டார்கள். படத்தைக் கைவிட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. எங்களிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை."

இதற்குப் பிறகு எனக்கு எழுத வரவில்லை. 2021 நவம்பர் வந்துவிடுகிறது.

நீ எழுதியதற்குப் பதில் சொல்லாமல் போனால் நான் மனுஷியே இல்லை. ஆமாம், சங்கு வேண்டும் என்று சொன்னது நான்தான். ஒருநாள்கூட அதை மறந்ததில்லை. தேனி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. மாடிப்படிவரை வந்தேன். மேலே நீ யாரிடமோ "அந்தச் சங்கு, அந்தச் சங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. ஆரஞ்சுப் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி பஸ் ஏறினேன். பாலக்காடு வரும்வரை அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் எனக்குக் கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வாட்டர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள்.

நாளையோ மறுநாளோ நோன்பு தொடங்குகிறது. துவாவில் அம்மாவையும் சேர்த்துக்கொள்வேன். இவ்வளவு நாளும் சேர்த்துத்தான் வந்திருக்கிறேன்.

ஷஹ்லா


சின்னக்கானல்
26.2.2026

ஷஹ்லாக்கா,

மேடம் என்று எழுதியது தப்புத்தான். விடுங்கள்.

சரித்திரத்தில் பிழை இருக்கிறது. கரண்ட் இல்லாமல் போனது இரண்டு நாள் அல்ல, மூன்று நாள். மூன்றாம் நாள் நாம் எல்லோரும் மயிலாத்தாள் அக்காவின் களத்தில் நெல் காயப்போட உதவினோம். அந்த அக்கா சொன்னதையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். "ஏனுங்க, உங்க கம்ப்யூட்டர் ஆனை பிளிறுற பிளிறல்ல என்ற எருமை பால் சொரக்க மாட்டீங்குதுங்க" என்று வாசலில் வந்து சண்டை போட்டார் இல்லையா? அதற்குப் பிறகுதான் யானைச் சத்தத்தைப் பால் கறந்து முடித்த பிறகு மட்டும் வைத்தோம். அதையும் எழுதுங்கள்.

கேமின் கதையையும் விட்டிருக்கிறீர்கள். படத்தின் கதையில் கதாநாயகன் யானையைச் சுட்டுக்கொல்வதாக இருந்தது. கதாநாயகனே இல்லை என்று தெரிந்த பிறகு, துப்பாக்கியை எடுத்துவிட்டு ஏழாம் நம்பர் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணை வைத்தோம். யானை வழியில் நிற்கும். அதையும் காயப்படுத்தாமல், தானும் சாகாமல் அவள் லயத்துக்குத் திரும்ப வேண்டும். யானை எப்படிப் போகும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சோதிப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டோம். ஐந்து பேரும் பட்டாசு, தகரம், தீப்பந்தம் என்று எல்லாம் செய்து பார்த்து ஒருவரும் ஜெயிக்கவில்லை. அம்மாவும் அடுத்த வீட்டுச் சின்னமுத்து அண்ணனும் போட்டி போட்டுக்கொண்டு விளையாடினார்கள். இடைவேளை வரும்போது அம்மா அடுப்பில் அரிசி போட எழுவாள். "இத மட்டும் எடுத்துராதீங்கலே" என்று சொல்லுவாள்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்ததை அம்மா பார்த்துவிட்டாள். "யாரு, ஷஹ்லாவா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கையெழுத்துக் கேட்டாங்களாமே, போட வேண்டியதானே" என்றாள். முன் கடிதத்தை எடுத்துப் படித்திருக்கிறாள் போல. உனக்காகத்தான் போடவில்லை என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் மாடிப்படிவரை வந்ததை எழுதிவிட்டீர்கள். அதனால் நானும் ஒன்றை எழுதிவிடுகிறேன். சங்கு வேண்டும் என்று சொன்னது நீங்கள். ஆனால் தொழிற்சாலை வராந்தாவில் மைக்கோடு மூன்று காலை நின்று அதைப் பிடித்தவன் நான். நாலு தடவை பிடித்து, அதில் மிகச் சுத்தமானதை எடுத்து, "இதக் கேட்டா எங்கம்மா எந்திரிச்சு வேலைக்கே போயிருவா" என்று குடோனில் எல்லோரிடமும் பெருமை அடித்தவனும் நான்தான். நீங்கள் கைதட்டினீர்கள். அந்த வார்த்தையைச் சொன்ன வாய் என்னுடையது, அக்கா. உங்கள் மேல் கோபப்பட்டால் கொஞ்ச நேரம் அதை மறந்திருக்கலாம். அதனால்தான் நம்பரை பிளாக் செய்தேன். இறக்கத்தில் ஜீப்பை நியூட்ரலில் விடும்போதெல்லாம் அந்தச் சங்கு காதில் கேட்கிறது.

அதனால் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். என்னால் முடியாது.

மணி


நல்லேப்பிள்ளி
5 மார்ச் 2026

மணி,

உட்கார்ந்து படி. ஜீப்பில் இருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் படி.

மூன்று நாள் கரண்ட் போன தேதியைச் சரிபார்க்கலாம் என்று பிலோமியின் நோட்டுகளைத் தேடினேன். தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் பதினாறு நோட்டுகள். எலி இரண்டைத் தின்றுவிட்டது. மிச்சம் பதினாலையும் நோன்பு திறக்கிற நேரத்தைக்கூட மறந்து படித்தேன். அவள் எழுதாத விஷயமே இல்லை. எந்த ரீலில் யானையின் எந்தக் கொம்பு நீளம், அந்தப் பெண்ணின் கூடை எந்தத் தோளில், எந்தச் சத்தம் எங்கே, எல்லாம் தேதியோடு இருக்கிறது.

லயத்துப் போன்களுக்கு நாம் கடைசியாக அனுப்பியது முப்பத்தோராம் ரீல், 2021 நவம்பர் 10. அன்று நான் என் தங்கை நஜ்மாவின் நிக்காஹில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ ஜுரத்தில் ரூமில் படுத்திருந்தாய். அனுப்பியவள் பிலோமி. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அப்படியே இங்கேயும் எழுதுகிறேன், தபாலில் நகல் மங்கிப்போனாலும் நீ படிக்க வேண்டும்:

"ரீல் 31. முதல் காட்சி, காலை. ஆனால் நிழல் கிழக்கே விழுகிறது. நிழல் கிழக்கே விழுந்தால் அது சாயங்காலம். காலைச் சங்கு இதோடு பொருந்தாது. மணி வந்து நிழலைத் திருத்துகிறவரை சங்கை எடுத்துவிட்டேன். ஐந்து போனுக்கும் சங்கு இல்லாமலே அனுப்பியாகிவிட்டது. அடுத்த ரீலில் சேர்க்க வேண்டும்."

அடுத்த ரீலே வரவில்லை, மணி. முப்பத்திரண்டாம் ரீல் என்று ஒன்று இந்த உலகத்தில் இல்லை.

நான் நம்பவில்லை. சர்வரில் ரீல் 31-ஐத் திறந்து கேட்டேன். குருவி கத்துகிறது. காற்று அடிக்கிறது. சங்கு இல்லை. அதற்கு முந்தின முப்பது ரீலையும் திறந்து பார்த்தேன். நீ சங்கைக் கொடுத்ததே நவம்பர் 8-ஆம் தேதிதான். அது எந்தப் போனுக்கும் போகவே இல்லை.

பிலோமிக்குப் போன் செய்தேன். அந்த வாரமே அவளை ஏதோ படத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள் இல்லையா, கொச்சியில் இருக்கிறாள். "ஏன்டி சொல்லலை?" என்று கத்திவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நோட்டுலதான் எழுதி வச்சிருந்தேனே அக்கா. நோட்டை யாரும் பாக்கலீன்னா நான் என்ன பண்றது? மணியோட அம்மா யானையைப் பாத்து விழுந்துட்டாங்கன்னுதான் எனக்குத் தெரியும். சங்கு சங்குன்னு என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே" என்றாள்.

அன்று காலை சங்கு ஊதவில்லை. உன் சங்கும் ஊதவில்லை, என் சங்கும் ஊதவில்லை. அப்படியென்றால் அம்மா எதற்காக எழுந்து போனார்கள்? எனக்கும் தெரியவில்லை. நீதான் கேட்க வேண்டும். ஆனால் எதற்காகப் போயிருந்தாலும் அது அந்தச் சங்கு இல்லை.  அத்தாவிடம் சொன்னேன். நாலு வருஷமாக நான் ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

கையெழுத்தைப் பற்றி நான் இந்தக் கடிதத்தில் பேசவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

ஷஹ்லா


சின்னக்கானல்
14.3.2026

ஷஹ்லாக்கா,

ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் படித்தேன். பின்னால் ஆறு டூரிஸ்டுகள். ஏன் நின்றது என்று கேட்டார்கள். இன்ஜின் சூடு என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நகலை அம்மாவின் மடியில் போட்டேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"சங்கு ஊதுச்சாம்மான்னு ஆஸ்பத்திரில கேட்டேனே, ஆமான்னு சொன்னியே" என்றேன்.

"நீதாம்ல கேட்ட. சூப்பர்வைசரும் அதத்தான் சொன்னாரு, லயத்துல எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. நான் ஆமான்னுட்டேன்" என்றாள்.

"அப்ப எதுக்குப் போன?"

நகலை மடித்து என்னிடம் நீட்டினாள். நான் விடவில்லை. கடைசியில் கோபம் வந்துவிட்டது அவளுக்கு. அக்கா, நாலு வருஷமாக நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் கோபப்பட வேண்டியவள் அவள்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எலே, முப்பத்திரெண்டு வருசமா அந்தச் சங்கக் கேட்டுட்டு இருக்கேன். நெசச் சங்கு எது, போனுல ஊதுறது எதுன்னு தெரியாமலா எந்திரிச்சு ஓடுவேன்? மஸ்டர் எத்தன மணிக்குன்னு எனக்குத் தெரியாது? படிச்ச பிள்ளைங்க நீங்க ரெண்டு பேரும், என்ன மாடுன்னு நெனச்சிட்டீங்களாலே?"

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் அம்மா யானையைப் போகவைத்துவிட்டாள். கேமில், ஐந்து பேரில் முதல் ஆளாக. இரவெல்லாம் தூக்கம் வரவில்லையாம். சின்னமுத்து அண்ணன் கண்டுபிடிப்பதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். லயத்தில் அப்போது போனுக்கு ரேஞ்ச் கிடையாது, உங்களுக்கே தெரியும். வளைவுக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். நேரம் வெளுத்தால் சின்னமுத்து அண்ணனும் அந்தப் பாறைக்கு வந்துவிடுவார். அதனால் ஐந்தேகாலுக்கே கிளம்பிவிட்டாள். கேமில் பேசி அனுப்ப ரிப்போர்ட் பட்டன் வைத்திருந்தோமே, நடந்துகொண்டே அதை அமுக்கிப் பேச ஆரம்பித்துவிட்டாளாம். அப்போதுதான் வளைவில் நிஜ யானை.

"அத ஏம்மா சொல்லல?" என்றேன்.

"அம்பத்திரெண்டு வயசுல கேமு வெளாடப் போயிக் கால ஒடிச்சிட்டு வந்திருக்கான்னு லயமே சிரிக்காதா? சங்குன்னு சொன்னா மருவாதையா இருந்திச்சு" என்றாள். பிறகு, "நீ அங்கேருந்து வந்துட்ட. திரும்பிப் போவல. அதுவும் எனக்கு நல்லாத்தாம்ல இருந்திச்சு. அதனால வாயத் தொறக்கல. நீ உள்ளுக்குள்ள இப்பிடி வெந்துட்டு இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஷஹ்லா மேல கோவம்னுதான் நெனச்சேன்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். பிறகு சின்னமுத்து அண்ணன் பெயரைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்து வீட்டில் அவர் இருமுகிற சத்தம் கேட்டதும் இன்னும் சிரிப்பு வந்தது.

நேற்று காலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன். எதுவும் கேட்கவில்லை. கீழே வந்துதான் அதைக் கவனித்தேன்.

இன்னொன்று. அந்தப் போன் வாய்க்காலில் போய்விட்டது என்று நாம் நினைத்தோம். அம்மா அதைத் தன் இரும்புப் பெட்டியில் ஜாக்கெட் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். ராஜகுமாரி டவுனில் ஒரு கடையில் கொடுத்து டிஸ்ப்ளேயும் பேட்டரியும் மாற்றினேன். நம் கேம் அதிலேயே இருக்கிறது. திறந்ததும், "ஒரு ரிப்போர்ட் அனுப்பப்படாமல் இருக்கிறது" என்று வந்தது. நான் கேட்டுப் பார்க்கவில்லை. பட்டனில் விரல் வைக்கப் போனவன் கையை அம்மா தட்டிவிட்டாள். "அது ஷஹ்லாவுக்கு" என்றாள். இப்போது லயத்திலேயே ரேஞ்ச் கிடைக்கிறது, ஆனால் பாறைக்குப் போய்த்தான் அனுப்புவேன் என்று நிற்கிறாள். நாளை ஞாயிற்றுக்கிழமை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாள். சர்வரை நிறுத்த இன்னும் பதினேழு நாள் இருக்கிறதல்லவா? நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் நீங்கள் அனுப்பிய தாளை நான்தான் திருப்பி அனுப்பிவிட்டேன். அதை இன்னொரு தடவை அனுப்புங்கள்.

உங்கள் நம்பர் பிளாக்கில் இல்லை. ஆனாலும் ரிப்போர்ட்டுக்குப் பதிலைப் போனில் சொல்ல வேண்டாம், பழையபடி எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று அம்மா சொல்கிறாள்.

மணி


நல்லேப்பிள்ளி
18 மார்ச் 2026

மணி,

தாள் உள்ளே இருக்கிறது. இந்தத் தடவை மூன்று பிரதி. ஒன்றில் டீ சிந்தினாலும் இரண்டு இருக்கும். பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது. உன் கையெழுத்து வந்தால் அதுதான் எனக்குப் பெருநாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு சர்வரில் மணி அடித்தது. புது ரிப்போர்ட் வந்தால் அடிக்கிற மணி, நாலு வருஷமாக அடிக்காதது. மயிலாத்தாள் அக்கா மில்லை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தாராம். இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டோம். ஒன்பது நிமிஷம் ஓடுகிறது. நீ கேட்டிருக்க மாட்டாய் என்பதால் சொல்கிறேன்.

முதலில் நடக்கிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு அம்மாவின் குரல். "ஷஹ்லா, நான் குருவம்மா பேசுதேன். ஆன போயிருச்சு. வெடியும் வேண்டாம், தகரமும் வேண்டாம். கூடையக் கீழ வச்சிட்டு, தேயிலைக்குள்ள குத்த வச்சி, சும்மா இருந்தாப் போதும். அதுவாப் போயிரும். சின்னமுத்துக்குச் சொல்லிராத." அவ்வளவுதான் சொல்ல வந்தது. பட்டனை மறுபடி அமுக்கி நிறுத்துவதற்குள் குரல் மாறுகிறது. "ஆத்தே. இங்க நெசமாவே ஒண்ணு நிக்கி." அப்புறம் சறுக்குகிற சத்தம், ஒரு முனகல்.

மணி, அவர்கள் பயந்து குதிக்கவில்லை. கேமில் செய்தபடியே குத்த வைக்கப் போய், விளிம்பு என்று தெரியாமல் வாய்க்காலில் சறுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஆறு நிமிஷம் பேச்சே இல்லை. கால் ஒடிந்தும் ஒரு சத்தம் போடவில்லை. கிளை ஒடிகிறது, ஏதோ பெரிதாக மூச்சு விடுகிறது. பிறகு அதுவும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு சங்குக்காகக் காத்திருந்தேன், பழக்கதோஷம். சங்கு வரவில்லை. கடைசியில் ரகசியமாக, வலியோடு, ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்போடு அம்மா சொல்கிறார்கள்: "போயிருச்சு ஷஹ்லா. நெசமாவே போயிருச்சு."

மயிலாத்தாள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மாளுக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி அனுப்போணுங்க" என்று சொல்லிவிட்டு மில்லைப் போடப் போனார்.

சரித்திரத்தின் நாலாம் பக்கத்தை அன்றே எழுதி முடித்தேன். நிழலைத் திருத்துவது உன் வேலை, மறந்துவிடாதே. சங்கு வேண்டுமா வேண்டாமா என்று நாம் இரண்டு பேரும் முடிவு செய்ய வேண்டாம். அம்மாவிடம் கேள்.

கீழே இருப்பது அம்மாவுக்கு. பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீ படித்துக் காட்டாதே, அவர்களே படிக்கட்டும்.

குருவம்மாள் அம்மாவுக்கு,

உங்கள் ரிப்போர்ட் எண் 413 கிடைத்தது. முழுவதும் கேட்டேன். நீங்கள் சொன்ன வழி சரி. வாய்க்கால் இருக்கிற இடத்தைக் கேமில் கல் வைத்துக் காட்டும்படி மணியிடம் சொல்லப்போகிறேன். சின்னமுத்து அண்ணனின் கடைசி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அது நீங்கள் விழுந்து மூன்று நாள் கழித்து வந்தது. அதில் அவர் தகரம் தட்டிக்கொண்டிருக்கிறார், யானை போகவில்லை.

முதலில் ஜெயித்தது நீங்கள்தான்.

ஷஹ்லா